பெயர் கூப்பிட நான்கு நிமிடம்

1

இங்கிலாந்தில் என் முதல் பள்ளி ஆண்டு இந்த ஜூலையோடு முடிகிறது. ஊரில் இருந்திருந்தால் ஏப்ரலிலேயே முடிந்து, மே மாதம் முழுக்கத் தூங்கியிருப்பேன். இங்கே ஜூலை மூன்றாம் வாரம்வரை பிள்ளைகளும் வருகிறார்கள், மழையும் வருகிறது.

இதை எழுத வைத்தது ஜெயந்தி டீச்சர். ஒலக்கூர் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் நானும் அவளும் பன்னிரண்டு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தோம். நான் கணக்கு, அவள் அறிவியல். என் வீடு பெருமுக்கல் பக்கம், சைக்கிளிலேயே போய்விடுவேன். அவள் விழுப்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். விடைத்தாள் திருத்துவதெல்லாம் பஸ்ஸில்தான். ஒருமுறை மயிலம் கூட்ரோட்டில் டிரைவர் பிரேக் போட்டதில் கட்டு அவிழ்ந்து பஸ் முழுக்கத் தாள் பறந்தது. பயணிகள் எல்லாரும் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஒரு தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு மார்க் போட்டால் பாஸ் ஆகிவிடுமே என்று திண்டிவனம் வரும்வரை வாதாடினாராம். கடைசியில் இவள் போட்டுவிட்டாள்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"டீச்சர், அந்த ஊரு வாத்தியாருங்க எப்டி டைமுக்கு எல்லா வேலையும் முடிச்சிட்டு வூட்டுக்குப் போறாங்கனு கொஞ்சம் எழுதி அனுப்புங்க. நாங்க இங்க ஆன்லைன்ல ஏத்திக்கினு, நோட்டு திருத்திக்கினு, ஒரே பேஜாரா இருக்குது. ஜூன்ல ஸ்கூல் தெறக்கறப்போ நானும் ஒண்ணு ரெண்டு பண்ணிப் பாக்கறேன்."

நானும் இதே கேள்வியோடுதான் விமானம் ஏறினேன். விசாவுக்காகப் போலீஸ் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் உண்மையானதுதான் என்று ஒரு சான்றிதழ், அதற்கு இன்னொரு முத்திரை என்று நான்கு மாதம் விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் அலைந்தபோதெல்லாம் மனத்தில் ஓடியது அதுதான். அவர்களுக்கும் ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம்தானே, அதை என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

2

நாங்கள் என்ன செய்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே இருந்து படிப்பவர்களுக்குப் புரியாது.

என் ஒன்பதாம் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். ஒரு நாளைக்கு எட்டு பீரியட், அதில் பாடம் இல்லாத ஒன்று லீஷர். யாராவது ஒரு டீச்சர் லீவு போட்டால் அந்த லீஷரும் போய்விடும். ஐம்பத்தெட்டு வீட்டுப்பாட நோட்டைப் பிரித்துப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் பெஞ்சுக்கு ஒரு லீடர் வைத்தேன். வீட்டுப்பாடம் பார்ப்பது அவர்கள். நோட்டை அடுக்கி எடுத்து வருவது அவர்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலே கிளாஸ் லீடர் கவிதா. நான் கரும்பலகையில் தேதியும் தலைப்பும் எழுதி முடிப்பதற்குள் அவள் வருகைப் பதிவேட்டை எடுத்து, ரோல் நம்பர் வரிசையாகக் கூப்பிட்டு, குறித்து, மேசையில் வைத்துவிடுவாள். நான் கையெழுத்துப் போடுவேன்.

எங்கள் பள்ளியில் எல்லோரும் இப்படித்தான். இதில் ஒளிவுமறைவு ஏதும் கிடையாது. கவிதா மாதிரி ஒரு லீடர் கிடைத்த டீச்சரைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். எனக்கும் பெருமைதான்.

3

இங்கே என் வகுப்பில் இருபத்தேழு பேர். முதல் நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, மீதிப் பேர் எப்போது வருவார்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார்கள். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இருபத்தேழு பேரை வைத்துக்கொண்டா இவர்கள் நேரம் போதவில்லை என்கிறார்கள் என்று.

இரண்டே வாரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மின்னஞ்சல் ஒரு நாளைக்கு நாற்பது வரும். ஒரு பையன் பென்சிலை உடைத்தால்கூட ஒரு படிவம் உண்டு. இதற்கு நடுவே என் லீஷர் எப்போது என்று அலுவலகத்தில் கேட்டேன். அந்தப் பெண் விடுமுறைக்கு விண்ணப்பம் போடும் தாளை எடுத்து நீட்டினாள். ஒரு மணி நேரம் பர்மிஷன் வேண்டும் என்று இன்னொரு நாள் கேட்டபோது, எதற்கு அனுமதி என்று திருப்பிக் கேட்டாள். பன்னிரண்டு வருடம் பேசிய சொற்கள், இங்கே ஒருவருக்கும் புரியவில்லை.

பக்கத்து அறையில் டேவிட் என்று ஒரு வரலாற்று ஆசிரியர். நாலு மணிக்குக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போவார். நான் இரண்டு பை நிறைய நோட்டு சுமந்துகொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நேராகவே போய்க் கேட்டுவிட்டேன். அவரும் சந்தோஷமாகக் காட்டினார். மேசையில் காகிதம் போட மூன்று தட்டு. ஒன்று இன்றைக்குச் செய்வது, ஒன்று இந்த வாரம், மூன்றாவது யாராவது இரண்டாம் முறை கேட்டால் மட்டும் செய்வது. மூன்றாம் தட்டுதான் உயரமாக இருந்தது. மின்னஞ்சலைக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, அவ்வளவுதான் திறப்பார். நோட்டு திருத்துவதைக் கேட்டபோதுதான் எனக்கு வாய் பிளந்தது. அவர் நோட்டில் ஒன்றும் எழுதுவதே இல்லை. எல்லா நோட்டையும் வேகமாகப் படிப்பார், பொதுவாக எங்கே தவறுகிறார்கள் என்று ஒரே ஒரு தாளில் குறிப்பார், மறுநாள் அதை வைத்து வகுப்பில் பேசுவார். பிள்ளைகளே தங்கள் நோட்டைத் திருத்திக்கொள்வார்கள்.

சிவப்பு மையே இல்லாத நோட்டு. எங்கள் எச்.எம். பார்த்திருந்தால் மெமோ எழுதியிருப்பார். ஆனாலும் நான் செய்து பார்த்தேன், நிஜமாகவே பலித்தது. வாரத்தில் நாலைந்து மணி நேரம் மிச்சம். சனிக்கிழமை மகளோடு ஆற்றங்கரைக்குப் போனேன். அமலாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். திண்டிவனத்தை அவள் இப்போது "உங்க ஊர்" என்கிறாள். எப்போது அது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. மிச்சம் பிடித்த நேரத்தை எங்கே போடுவது என்பதற்கு டேவிட்டிடம் தட்டு ஏதும் இல்லை.

4

எனக்குச் சரிப்படாமலேயே இருந்தது ஒன்றே ஒன்று. வருகைப் பதிவு. இங்கே ஒவ்வொரு பாடவேளைக்கும், ஆரம்பித்த ஐந்து நிமிடத்துக்குள், கணினியில் குறித்துவிட வேண்டும். நான் பாடத்தில் இறங்கிவிட்டால் மறந்துபோவேன். உடனே அலுவலகத்திலிருந்து நினைவூட்டு மின்னஞ்சல் வரும். ஒரு வாரத்தில் ஆறு முறை வந்தது.

இதற்கா யோசிப்பது என்று தோன்றியது. எல்லி என்று ஒரு கெட்டிக்காரப் பெண் முன்வரிசையில் இருந்தாள். இனிமேல் நீதான் லீடர் என்றேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, இதுவரை யாரும் அவளை எதற்கும் லீடர் ஆக்கியதில்லையாம். நான் கணினியைத் திறந்துவைத்துவிட்டுப் பலகைக்குப் போவேன், அவள் சுற்றிப் பார்த்து ஒவ்வொரு பெயராக டிக் செய்வாள். மூன்று வாரம் ஒரு நினைவூட்டலும் வரவில்லை. ஜெயந்திக்குப் போன் செய்து, இவர்களுக்கு நாமும் ஒன்று கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று பீற்றிக்கொண்டேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை பாதியில் கதவு திறந்தது. துணைத் தலைமையாசிரியை ஹெலன். மேடி எங்கே என்று கேட்டார். பல் மருத்துவரிடம் அழைத்துப் போக அவளுடைய அப்பா வந்து அலுவலகத்தில் காத்திருக்கிறார், கணினியில் அவள் இந்த வகுப்பில் இருப்பதாகக் காட்டுகிறது என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். மேடியின் நாற்காலி காலி. எல்லி தலையைக் குனிந்துகொண்டாள். வந்துவிடுகிறேன், ஒரு டிக் போட்டுவிடு என்று மேடி சொல்லியிருக்கிறாள். தோழிக்காகப் போட்டிருக்கிறாள்.

நாற்பது நிமிடம் தேடினார்கள். பள்ளிக்குப் பின்னால் ஆறு. அதை நினைத்தபோது, சாக்பீஸ் இல்லாத ஊரில் கையில் எதைப் பிடித்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஏதோ சண்டை, அப்பாவோடு காரில் போகப் பிடிக்கவில்லை. பத்திரமாக இருந்தாள். அன்று மாலை எனக்கு ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. வருகைப் பதிவேடு சட்டப்படியான ஆவணம், அதை மாணவரிடம் கொடுத்தது பாதுகாப்பு விதிமீறல் என்று இருந்தது. என் முதல் ஆண்டு சோதனைக் காலம். பள்ளி வேண்டாம் என்றால் விசா போய்விடும். எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, அமலாவும் கிடங்கில் வேலை பார்க்கும் என் கணவரும் என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே இருக்கிறார்கள். ஊரில் இருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தவள் நான்.

5

மெமோ வந்தால் விளக்கக் கடிதம் எழுதித்தான் நமக்குப் பழக்கம். மூன்று பக்கம் எழுதினேன். மதிப்பிற்குரிய என்று தொடங்கி, மிகவும் பணிவுடன் என்று நடுவில் இரண்டு முறை போட்டு, கருணையோடு மன்னிக்குமாறு முடித்தேன். எங்கள் ஊர் ஆங்கிலம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா கழனி வேலை செய்தவர். பெரிய இடத்துக்கு எழுதும்போது குனிந்து எழுத வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கை தானாகவே எழுதியது.

ஜெயந்தியிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுல இன்னா டீச்சர் தப்பு? நாம எல்லாரும் இப்டித்தானே பண்ணிக்கினு இருக்கறோம். நம்ம ஸ்கூல்ல ஒரு நாளாவது எதுனா ஆச்சா?"

அந்தக் கேள்வி எனக்குத் தெம்பாக இருந்தது. கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: என் பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தில் இந்த முறையால் ஒருமுறைகூடத் தவறு நேர்ந்ததில்லை.

வியாழக்கிழமை மாலை அமலா கணினியில் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் படிக்கிறாளே என்று கோபம் வந்தது, தமிழில் எழுதியிருந்தால் படித்திருக்க மாட்டாள் என்றும் தோன்றியது. பணிவுடன் என்பதையெல்லாம் அழித்துவிடச் சொன்னாள். இங்கே அப்படி எழுதினால் எதையோ மறைக்கிற மாதிரி இருக்குமாம். பிறகு அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"அம்மா, இது ட்ரூவா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நேரமாகிறது, போய்ப் படுத்துக்கொள் என்றேன். மணி ஏழரைதான் ஆகியிருந்தது.

6

ஹெலன் கடுமையானவர் இல்லை. தேநீர் வேண்டுமா என்றுதான் ஆரம்பித்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றார், சொன்னேன். ஐம்பத்தெட்டுப் பேர் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எப்படிப் பெயர் நினைவில் வைத்திருந்தீர்கள் என்று ஆர்வமாகக் கேட்டார். அதையும் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு தாளைப் பார்த்து, இது கேட்டாக வேண்டிய கேள்வி என்று சொல்லிவிட்டுக் கேட்டார். இதற்கு முன் நீங்கள் வேலை பார்த்த இடத்தில் இப்படி நடந்ததுண்டா?

என் கடிதம் மடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் போதும்.

நடந்தது என்றேன்.

சங்கீதா. ரோல் நம்பர் நாற்பத்தொன்று, நான்காம் பெஞ்ச், ஜன்னல் ஓரம். அல்ஜீப்ரா பிடிக்கும், ஜியோமெட்ரி பிடிக்காது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுக்கு முன்னால் அவள் வருவது நின்றுபோயிற்று. கவிதா பிரசெண்ட் போட்டுக்கொண்டே இருந்தாள். வருகை குறைந்தால் உதவித்தொகை நின்றுவிடும், அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று சங்கீதா சொல்லியிருக்கிறாள். ஒன்பது நாள் நான் கையெழுத்துப் போட்டேன். பத்தாம் நாள் தேர்வுத்தாள் கொடுக்கும்போதுதான் ஒரு தாள் மிஞ்சியது. அத்தை வீடும் இல்லை ஒன்றும் இல்லை, அவளைத் திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருட ஒப்பந்தம், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவார்களாம். வகுப்பில் ஐம்பத்தேழு பேருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. முதல் நாளே தெரிந்திருந்தால் அவள் வீட்டுக்குப் போயிருப்பேன். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை அப்படிப் போய்ப் பேசித் திரும்பக் கூட்டி வந்தவள்தான் நான். பத்தாம் நாள் போனபோது அவளுடைய அம்மா, அட்வான்ஸ் வாங்கிட்டோம் டீச்சர் என்று மட்டும் சொன்னார்.

அதற்காக யாரும் என்னை விசாரிக்கவில்லை. மெமோ இல்லை. பதிவேட்டில் அந்த ஒன்பது நாளும் பிரசெண்ட், கீழே என் கையெழுத்து. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

இதையெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அது தாளில் இருந்த கேள்வி இல்லை. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்?

எனக்குத் தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அழுதேன்.

ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. என் கோப்பில் ஓர் எச்சரிக்கை. சோதனைக் காலம் இன்னும் ஒரு பருவம் நீட்டிப்பு. இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. வேலை இருக்கிறது. கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கடைக்குப் போய்க் கோழி வாங்கி வந்தார். விசாரணையில் நான் சொன்னதை அதற்குள் அமலாவிடமும் சொல்லியிருந்தேன். சாப்பிடும்போது அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அந்த சங்கீதா என்னைவிடப் பெரியவளா என்று கேட்டாள். அப்போது உன்னைவிட ஒரு வயதுதான் பெரியவள் என்றேன். அவள் அதற்குமேல் சாப்பிடவில்லை.

7

ஜெயந்திக்கு ஜூன் மாதம் எழுதி அனுப்பினேன். மூன்று தட்டு, ஒரே தாளில் குறிப்பு, மின்னஞ்சலுக்கு இரண்டு வேளை, எல்லாம் விவரமாக எழுதினேன். நம் ஊரில் தட்டுக்கு மேசை ஏது என்று அவள் சிரிப்பாள் என்று தெரியும், அட்டைப்பெட்டி போதும் என்றும் சேர்த்தேன். கடைசியில் இதையும் எழுதினேன்: இதில் மிச்சமாகும் நேரத்தில் அட்டெண்டன்ஸை நீயே எடு. நம்பர் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடு, முகத்தைப் பார். இங்கே எனக்கு நான்கு நிமிடம் ஆகிறது. உனக்குப் பத்து ஆகலாம்.

பத்து நிமிசம்னா பாதிப் பாடம் போயிடுமே டீச்சர் என்று பதில் போட்டாள். பிறகு மூன்று வாரம் பேச்சே இல்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

இன்று மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. அங்கே மாலை ஐந்து மணி, பள்ளி விட்டிருக்கும். பின்னால் வண்டிச் சத்தமும் நாய்ச் சத்தமும் கேட்டது.

"டீச்சர், நேத்து நானே பேரு கூப்ட்டேன். எட்டாங்கிளாசுல யமுனானு ஒரு பொண்ணு. பிரசெண்ட்னு குரல் வந்துச்சு, நிமுந்து பாத்தா ஆளு இல்ல. லீடர் பையன் ஆறு நாளா போட்டுக்கினு இருக்கறான். இன்னிக்கும் வரல. அதான் பஸ்ஸ வுட்டுட்டு அவங்க காலனிக்கு வந்துட்டேன். வூடு பூட்டிக் கெடக்குது. பக்கத்து வூட்டுல கேட்டா, பெங்களூரு போறாங்க, இப்பதான் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பினாங்கன்றாங்க. ஆட்டோ ஒண்ணு கெடைச்சிருக்குது. ஜல்தியா போய்க்கினு இருக்கறேன். பாத்துட்டுப் போன் பண்றேன்."

அதற்குள் மணி அடித்துவிட்டது. இங்கே வகுப்பில் போன் கூடாது. சத்தத்தை நிறுத்தி, அதிர்வில் வைத்து மேசை இழுப்பறையில் போட்டேன், இழுப்பறையை முழுதாக மூடவில்லை. இருபத்தேழு பேரும் உட்கார்ந்தார்கள். எல்லி இப்போது லீடர் இல்லை, ஆனாலும் முன்வரிசையில்தான் இருக்கிறாள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, குறித்தேன். மேடி இருந்தாள்.

நான்கு நிமிடம் ஆயிற்று. போன் இன்னும் அதிரவில்லை.